யார் சாலையும் இல்லாத முப்பத்தெட்டு மீட்டர்

சாலையோரம் கிடப்பதை வைத்தே அது எந்த அலுவலகத்தின் சாலை என்று மீட்டரக்கா சொல்லிவிடுவார். மாநில நெடுஞ்சாலை என்றால் மஞ்சள் பாட்டில். வண்டியை நிறுத்தச் சோம்பல்பட்ட லாரிக்காரர்கள், ஓடும் வண்டியிலேயே சிறுநீரைப் பிடித்து, மூடியை இறுக்கி, சன்னல் வழியே வீசியது. கிலோமீட்டருக்குப் பத்துக்குக் குறையாது. வெயிலில் ஊதிப்போய்க் கிடக்கும். டயர் ஏறினால் வெடிக்கும். வட்டாரச் சாலை என்றால் கோழிக்கடைக் கழிவு மூட்டை, நசுங்கிக் காய்ந்த நாய். கிராமச் சாலை என்றால் எச்சிலும் கிழிந்த மெத்தையும்.

"வீட்டுக்குள்ள சென்ட் அடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். அவன் எவ்வளவு நாறுறவன்னு பாக்கணும்னா ரோட்டோரமா ஒரு மைல் நடக்கணும்" என்பார்.

நடப்பதுதான் அவருடைய வேலை. வயது ஐம்பத்து நான்கு. வட்டாரச் சாலை அலுவலகத்தில் அளவையாளர். நீளமான கைப்பிடி, அடியில் ஒற்றை ரப்பர் சக்கரம், அதன் மேலே எண்கள் உருளும் சிறு பெட்டி. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு மீட்டர். அதைத் தள்ளிக்கொண்டு சாலையின் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். கோட்டின் மேல் எது கிடந்தாலும் ஒதுங்கக் கூடாது. ஒதுங்கினால் அளவு கூடிவிடும். அதனால் இருபத்தாறு வருடமாக எதன் மேலெல்லாம் சக்கரத்தை ஏற்றியிருக்கிறார் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் கேட்பதில்லை. வீட்டு வாசலில் செருப்பையும் சக்கரத்தையும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய பிறகுதான் உள்ளே வருவார்.

தார் போடும் கூலியாளாகச் சேர்ந்தவர். அன்றைய அளவையாளர் விடுப்பில் போன ஒரு நாள், "நீ கொஞ்சம் இதத் தள்ளும்மா" என்று சக்கரத்தைக் கொடுத்தார்கள். மறுநாள் சரிபார்த்தபோது பன்னிரண்டு கிலோமீட்டரில் அரை மீட்டர்கூடப் பிசகவில்லை. அன்றிலிருந்து மீட்டரக்கா. இயற்பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். கணவர்கூட "மீட்டரு" என்றுதான் கூப்பிடுவார். அவர் பேருந்து ஓட்டுநர். மனைவி அளந்த சாலையில் கணவர் ஓட்டினார் என்று அந்த வீட்டைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மாநிலம் பெரியது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பேருந்தில் போனால் இரண்டு பகல் ஆகும். ஒன்பது வருடங்களுக்கு முன் தலைநகரத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள்: எல்லாச் சாலைகளையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள முடியாது, அந்தந்த வட்டாரமே பார்த்துக்கொள்ளட்டும். பிரித்தார்கள். நகர மணிக்கூண்டிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வரை வட்டாரச் சாலை, அதற்கு மேல் மாநில நெடுஞ்சாலை, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணை. மூன்று மாதத்துக்குள் எல்லைக் கல் நட்டாக வேண்டும். மீட்டரக்காவின் அலுவலகத்துக்கு ஏழு சாலைகள், ஒரே சக்கரம், ஒரே அக்கா.

ஏழையும் அளந்தார். கடைசியாக அளந்தது இந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சாலை. எண்பெட்டி 42,000 காட்டிய இடத்தில் கல் நட்டு, மஞ்சள் பூசி, '42' என்று எழுதினார்கள். நெடுஞ்சாலைக்காரர்கள் தங்கள் பங்குக்கு அளந்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், '0' என்று ஒரு பச்சைக் கல் நட்டார்கள். இரண்டு கல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அதைப் பார்த்த அன்றே மீட்டரக்கா சிரித்தார்.

"கார்ல ஏசி போட்டுக்கிட்டு அளந்தவன் கல்லு. அப்படித்தான் இருக்கும்."

ஒன்பது வருடம் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார். இடைவெளிக்குள் ஒரு சின்னப் பாலம் இருந்தது. அடியில் சாக்கடை போகும். பாலம் நன்றாக இருந்தவரை இடைவெளியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

சென்ற மழைக்குப் பாலத்தின் இடது ஓரம் உள்ளே போனது. முதலில் கை நுழையும் ஓட்டை. பிறகு ஒரு ஆள் இறங்கலாம். சாக்கடை தேங்கி மேலே வந்தது. அதில் என்னவெல்லாமோ மிதந்தது. கோழிக்கடைக்காரர் மூட்டையை இனி வயலோரம் கொண்டுபோக வேண்டியதில்லை என்று அதிலேயே போட ஆரம்பித்தார். ஈக்கள் மொய்த்த சத்தம் பேருந்துக்குள் கேட்கும். பயணிகள் இருபது அடி முன்பே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

பயனடைந்தவர் ஒருவர் மட்டும். பள்ளத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஒரு நாளைக்கு மூன்று டயர் பார்த்தவர் இப்போது பத்துப் பன்னிரண்டு பார்த்தார்.

"அக்கா, உங்க புண்ணியம்" என்று ஒருநாள் கையைக் கூப்பினார்.

"உன் மூஞ்சில காறித் துப்பிடுவேன். நாத்தம் உனக்கு அடிக்கலயா?"

"முதல் வாரம் அடிச்சது. இப்ப பழகிடுச்சு. நீங்களும் ஒரு வாரம் உக்காந்து பாருங்க, பூ வாசம் மாதிரி ஆயிடும்."

மனு போனது. மனுவுக்கு மேல் மனு. ஒருநாள் வட்டாரச் சாலை இளம்பொறியாளரும் நெடுஞ்சாலைப் பொறியாளரும் ஒரே நேரத்தில் நேரில் வந்தார்கள். அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு மீட்டரக்காவும் போயிருந்தார். வட்டாரம் மஞ்சள் கல்லருகே நின்றது. நெடுஞ்சாலை பச்சைக் கல்லருகே நின்றது. நடுவில் பள்ளம். இருவருமே தங்கள் கல்லைத் தாண்டிக் கால் எடுத்து வைக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கை மூடியபடி பள்ளத்தின் மேலாகவே கத்திப் பேசினார்கள்.

"சார், எங்க ரோடு இங்க முடியுது!"

"எங்களுது இங்கதான் ஆரம்பம் சார்!"

"அப்ப நடுவுல இருக்கறது?"

"அது எங்க கணக்குல வராதுங்க!"

"எங்களுதுலயும் வரல!"

படம் எடுத்துக்கொண்டார்கள். பஞ்சர் கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார்கள். 'கூட்டு ஆய்வு நிறைவேறியது' என்று இரண்டு அலுவலகமும் எழுதிக்கொண்டன. அன்று மாலை மீட்டரக்கா வீட்டில் சொன்னார்: "ரெண்டு பேரும் நல்லா படிச்சவங்க. பள்ளத்த விட அவங்களப் பாத்துதான் எனக்கு வயித்தப் பொரட்டுச்சு."

மூன்று வாரம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல், பள்ளம் நிரம்பிச் சாலையோடு சமமாக நின்றது. எது தண்ணீர், எது தார் என்று தெரியவில்லை. எதிரே வந்த டேங்கர் லாரிக்கு வழிவிட மீட்டரக்காவின் கணவர் பேருந்தை இடப்பக்கம் அணைத்தார். முன்சக்கரம் இறங்கியது. பேருந்து சாய்ந்து நின்றது. யாரும் சாகவில்லை. நடத்துநருக்குப் புருவம் கிழிந்தது. ஒரு தையல்காரருக்கு இரண்டு பல் போனது. உடைந்த சன்னல்கள் வழியே சாக்கடை உள்ளே வந்து, இறங்கியவர்கள் அத்தனை பேரும் இடுப்புவரை கறுப்பாக நின்றார்கள்.

விபத்து அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: 'சாலையின் பெயர், கிலோமீட்டர்.' போக்குவரத்துக் காவலர் இரண்டு அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டார். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில்: 'மேற்படி இடம் எங்கள் சாலை எல்லைக்குள் இல்லை.' பதில்கள் பேருந்துப் பணிமனைக்குப் போயின. பணிமனை மேலாளர் இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தார். வட்டாரச் சாலையும் இல்லை, நெடுஞ்சாலையும் இல்லை. அப்படியானால் அந்த இடம் சாலையே இல்லை. குற்றச்சாட்டைத் தட்டச்சு செய்து அனுப்பினார்: 'ஓட்டுநர் சாலையை விட்டு விலகிப் பேருந்தை ஓட்டினார்.'

சாலையை விட்டு விலகி ஓட்டுவது பெரிய குற்றம். எச்சரிக்கையோடு விடமாட்டார்கள். விசாரணையில் உறுதியானால் வேலை போகும், உரிமம் போகும். விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கணவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

"மீட்டரு, இத்தன வருஷமா நான் எதுல ஓட்டினேன்? ஆகாசத்துலயா?"

"பொறம்போக்குப் பசங்க" என்றார் மீட்டரக்கா. "இருங்க. நெடுஞ்சாலைக்காரன் கல்லு தப்புன்னு நான் நிரூபிக்கிறேன். அவன் ரோடு என் கல்லுலேருந்து ஆரம்பிக்கணும். பள்ளம் அவன் ரோட்டுல இருக்கு. ரோட்டுலதான் ஓட்டினீங்க. முடிஞ்சுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ரெண்டு நாள் லீவு போடறேன்."

முதலில் இரும்பு டேப்பால் இடைவெளியை அளந்தார். மறுமுனையைப் பஞ்சர் கடைக்காரர் பிடித்தார், வாயை மூடிக்கொண்டே. முப்பத்தெட்டு மீட்டர். அடுத்த நாள் விடிந்ததும் மணிக்கூண்டிலிருந்து புதிய சக்கரத்தைத் தள்ளத் தொடங்கினார். சாலையை இரண்டு நாளில் முடித்தார். இரண்டாம் நாள் மதியம் மஞ்சள் கல்லருகே நின்று எண்பெட்டியைப் பார்த்தார்.

41,962.

துடைத்துவிட்டுப் பார்த்தார். அதேதான். பள்ளத்தின் ஓரமாக ஒட்டி நடந்து பச்சைக் கல்லுக்குப் போனார். 42,000. காரில் உட்கார்ந்து அளந்தவன் கல் சரியாக நின்றிருந்தது.

பஞ்சர் கடைக்காரர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். "அக்கா, உக்காருங்க. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நாறுது."

மறுநாள் அலுவலகக் கிடங்கில், உடைந்த பலகைகளுக்கும் வற்றிய பெயின்ட் டப்பாக்களுக்கும் பின்னால் பழைய சக்கரத்தைத் தேடி எடுத்தார். ஏழாவது சாலை முடிந்ததும் ஓரங்கட்டிய சக்கரம். அலுவலக முற்றத்தில் டேப்பால் நூறு மீட்டர் குறித்து, அதைப் பத்து முறை தள்ளினார். ஆயிரம் மீட்டர் ஓடியிருக்க வேண்டும். பெட்டி காட்டியது ஆயிரத்துக்கு மேல் தொண்ணூறு சென்டிமீட்டர். ரப்பர் தேய்ந்திருந்தது. சக்கரம் முழுக்க இரண்டு தலைமுடிக் கனம். அதற்கு மேல் இல்லை. தேய்ந்த சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும்; கூடுதலாகக் காட்டும். கல் முன்பாகவே நட்டுவிடப்படும். தொண்ணூறு சென்டிமீட்டரை நாற்பத்திரண்டால் பெருக்கினால் முப்பத்தெட்டு மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர் குறைவு.

இதற்கு விதி இருக்கிறது. ஒவ்வொரு சாலையையும் அளக்கும் முன், முற்றத்தில் வெள்ளைக் கோடு போட்ட நூறு மீட்டரில் சக்கரத்தை ஓட்டிப் பார்த்து, நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வருடம் அந்தக் கோட்டின் மேல் அதிகாரிகளின் கார்களுக்குக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஓட்டிப் பார்க்க இடமில்லை. அங்கே சரிபார்க்க வந்த பக்கத்து வட்டார அளவையாளர்களும் ஓட்டாமலே 'சரி' எழுதினார்கள். மீட்டரக்காவும் எழுதினார். நோட்டில் ஏழு 'சரி'. ஏழும் அழகான கையெழுத்து.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த குமட்டல் பாட்டிலைப் பார்த்தோ நாயைப் பார்த்தோ வந்ததில்லை என்று பிற்பாடு சொன்னார்.

அன்றைக்கே இளம்பொறியாளரின் அறைக்குப் போனார். நல்ல மனிதர்தான், நாற்காலி கொடுத்தார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அக்கா, இதெல்லாம் எழுத்துல குடுத்துடாதீங்க."

"குடுக்காம?"

"நாப்பத்திரண்டாவது கல்லு மட்டுமா தப்பு? அதுக்கு முன்னாடி இருக்கற நாப்பத்தொண்ணும் தப்பு. பஸ் ஸ்டாப்பு, பெட்ரோல் பங்க், கடைக்காரன் அனுமதி எல்லாம் கல்லு நம்பர வச்சுதான் குடுத்திருக்கோம். அத்தனையும் ஆட்டம் காணும். அதுவும் போக, பள்ளம் நம்ம தலைல விழும்."

"நம்ம தலைலதான் சார் விழணும். அது நம்ம ரோடு."

"ஒன்பது வருஷமா இல்லாத ரோடு இன்னைக்கு எதுக்குக்கா? ஒண்ணு பண்ணலாம். பணிமனை மேலாளர் எனக்குத் தெரிஞ்சவர். 'மழையில கவனிக்கல'ன்னு உங்க வீட்டுக்காரர் ஒரு கடுதாசி குடுக்கட்டும். வேலைய விட்டு எடுக்க மாட்டாங்க. வண்டி கழுவற பிரிவுக்கு மாத்திடுவாங்க. உங்களுக்கும் பேரு கெடாது. எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

"பள்ளம்?"

பொறியாளர் கையை விரித்தார். "அது பாட்டுக்கு இருக்கும்."

மீட்டரக்கா எழுந்தார். "சார், டாய்லெட் போய்ட்டு கை கழுவாம வர ஆளுங்களப் பாத்திருக்கேன். பேசியே அந்த மாதிரி பண்றவங்கள இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கணவரிடம் இதைச் சொன்னபோது, அதைத் தன் மனசுக்குள்தான் சொன்னாரா, சத்தமாகவே சொன்னாரா என்று நினைவில்லை என்றார்.

கணவர் முதலில் சிரித்தார். சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கார்ல ஏசி போட்டு அளந்தவன், இல்ல? ஒன்பது வருஷம் இந்த வீட்டுல அத கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சு போச்சு. உன் சக்கரத்த விட."

"சிரிங்க. நல்லா சிரிங்க."

சிரிப்பு நின்றது. தண்ணீர்க் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"சொன்னா உன்ன என்ன பண்ணுவாங்க?"

"மெமோ குடுப்பாங்க. சக்கரத்தப் புடுங்குவாங்க."

"சொல்லலன்னா நான் பஸ் கழுவணும்."

"ஆமா."

"ஜனங்க வாந்தி எடுத்து வச்சத." ஓட்டுநர் முகத்தைச் சுளித்தார். "மீட்டரு, நான் உன்ன சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. நான் ரோட்டுலதான் ஓட்டினேன்."

"தெரியும்."

"அத மட்டும் யாராவது எழுதினா போதும்."

விசாரணை பணிமனை மேல்மாடியில் நடந்தது. மின்விசிறியில் தூசி தொங்கியது. விசாரணை அதிகாரி வெற்றிலைக் கறையேறிய குப்பைத் தொட்டியைக் காலால் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க யாரும்மா?"

"ஓட்டுநர் சம்சாரம்."

"குடும்பத்தார் சாட்சியெல்லாம் எடுக்க முடியாது."

"சம்சாரமா வரல சார். ரோட்ட அளந்தவளா வந்திருக்கேன்." இரண்டு நோட்டுகளையும், அளவுத் தாளையும் மேசையில் வைத்தார்.

அதிகாரி படித்தார். மெதுவாகப் படிக்கிறவர். "அப்ப, அந்த இடம் ரோடுதான்னு சொல்றீங்க."

"தார் இருக்கு. பஸ் போகுது. வேற என்ன சார் அது, குளமா?"

"நான் தாள்ல என்னன்னு கேக்கறேன்."

"தாள்லயும் ரோடுதான். நாப்பத்திரண்டு கிலோமீட்டர் வரைக்கும் எங்க ரோடுன்னு ஆணை சொல்லுது. வண்டி இறங்கின இடம் நாப்பத்தொண்ணு, தொள்ளாயிரத்து எழுவத்தஞ்சாவது மீட்டர். கல்லுதான் தப்பா நிக்குது. நட்டது நான். ஓட்டிப் பாக்காம 'சரி'ன்னு எழுதினதும் நான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இத எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"எழுதலன்னா அவருக்கு என்ன ஆகும்னு தெரியும்."

சுவரோரம் நின்றிருந்த கணவர் தொண்டையைச் செருமினார்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. 'சாலையை விட்டு விலகி' என்ற குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. ஓட்டுநர் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் பணிமனை சும்மா விடுமா? கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கணவர் அதைச் சத்தமாகப் படித்தார்: "'இனிவரும் காலங்களில் பள்ளங்களைத் தவிர்த்து ஓட்டும்படி அறிவுறுத்தப்படுகிறார்.' அப்படீன்னா வண்டிய ஷெட்டுலேருந்து எடுக்கவே கூடாது, மீட்டரு."

அதே வாரம் மீட்டரக்காவுக்கு மெமோ வந்தது. சக்கரத்தை ஒப்படைத்துவிட்டுப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே எலி செத்த நாற்றம். மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, மெமோவின் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினார். பிழை எப்படி நேர்ந்தது? கொட்டகை இருந்த இடத்தை, யாருடைய கார்கள் என்பதோடு சேர்த்து எழுதினார். யார் பொறுப்பு? தன் பெயரை எழுதினார். மூன்றாவது கேள்வி சம்பிரதாயத்துக்குப் போட்டது: 'இப்பிழையால் பாதிக்கப்பட்ட வேறு இடங்கள் உண்டா?'

இளம்பொறியாளர் அறைவரை வந்துவிட்டார். நாற்றத்துக்கு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அக்கா, மூணாவதுக்கு 'இல்லை'ன்னு போட்டுடுங்க. ஒரு ரோடு வெளில வந்ததே போதும். அந்தப் பள்ளத்த இந்த வாரமே மூடச் சொல்லிட்டேன், லோடு வந்திடுச்சு."

"லோடு எங்க சார் நிக்குது?"

"மஞ்சக் கல்லுகிட்ட."

"கல்லத் தாண்டிக் கொட்டச் சொல்லுங்க."

மீதி ஆறு சாலைகளின் பெயரையும் வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றின் கடைசிக் கல்லுக்கும் அடுத்த அலுவலகத்தின் முதல் கல்லுக்கும் நடுவே எத்தனை மீட்டர் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கலாம் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு, எதிரே குறித்தார். இரண்டில் பாலம் இருக்கிறது என்றும் எழுதினார். பொறியாளர் போய்விட்டிருந்தார்.

கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்தார். தபால் எழுத்தர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது எந்தப் பிரிவுக்குப் போகணும்? எங்க ரோடும் இல்ல, அவங்க ரோடும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. அதுக்குன்னு பிரிவே இல்லையே."

"ரெண்டு எடத்துக்கும் அனுப்பு" என்றார் மீட்டரக்கா. "கையெழுத்து வாங்கிக்கோ. அப்புறம் வரலன்னு சொல்லுவானுங்க."